சுகர் ரீடிங்கைப் பார்த்தாலே கோபம் வருகிறது, உங்களுக்கும் இப்படி உண்டா?

இளந்தளிர் எழுதியது:

வணக்கம். நீண்ட நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், இன்றுதான் முதல் பதிவு போடுகிறேன். எனக்கு டைப் 1 நீரிழிவு. பள்ளியில் படிக்கும்போதே வந்துவிட்டது. ஊசி போடுவது, விரலில் குத்துவது, பையில் எப்போதும் குளுக்கோஸ் வைத்திருப்பது எல்லாம் கையோடு பழகிவிட்டன. பழகாதது அந்த எண் மட்டும்தான்.

நேற்று நடந்தது இது. முந்தின நாள் சாப்பிட்ட அதே சாப்பாடு, அதே அளவு, அதே நேரம், அதே யூனிட் இன்சுலின். முந்தின நாள் 130 காட்டிய மீட்டர் நேற்று 240 காட்டியது. பார்த்ததும் உடம்பெல்லாம் கொதித்தது. மீட்டரைக் கட்டில் மேல் வீசினேன். சத்தம் கேட்டு வந்த கணவர், "என்ன சாப்பிட்டாய்?" என்று மட்டும்தான் கேட்டார். அவ்வளவுதான், அவர் மேல் பாய்ந்துவிட்டேன். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்க வேண்டும். மூன்று மாத சராசரி நன்றாக வராது என்று இப்போதே தெரிகிறது. எதையாவது சொல்லித் தள்ளிப்போட்டுவிடலாமா என்று மனம் வழி தேடுகிறது. டாக்டர் திட்டுபவர் இல்லை. ஆனால் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் கேட்க வந்தது இதுதான். இது டிப்ரஷனா? வேலைக்குப் போகிறேன், தோழிகளோடு சிரிக்கிறேன், பிடித்த பாட்டைக் கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. சுகர் சம்பந்தப்பட்ட எதையாவது தொட்டால் மட்டும் வெறுப்பும் கோபமும் பொங்குகின்றன. இதை எப்படிக் கையாளுகிறீர்கள்?

கரையோரம் எழுதியது:

வாங்க இளந்தளிர். எனக்கும் டைப் 1 தான், உங்களைவிட மூத்தவன் என்று நினைக்கிறேன். மனதைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் அந்த எண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த எண் முழுக்க நம் கையில் இருக்கிறது என்று நினைப்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

வீட்டு மீட்டர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 15197 என்று ஓர் உலகத் தரம் உண்டு. 2013-ல் திருத்தப்பட்ட அந்தத் தரத்தின்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் ஆய்வக முடிவைவிட 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டினாலும் மீட்டர் தேறிவிடும். உங்கள் ரத்தத்தில் உண்மையாகவே 240 இருக்கும்போது 204 காட்டினாலும் சரி, 276 காட்டினாலும் சரி, அது நல்ல மீட்டர்தான். விரலில் இனிப்பு ஏதாவது ஒட்டியிருந்தால் கணக்கே வேறு.

130-க்கும் 240-க்கும் உள்ள இடைவெளி மீட்டரால் மட்டும் வந்துவிடாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்சுலின் தோலுக்கடியிலிருந்து ரத்தத்துக்குப் போகும் வேகம் ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் அங்கே கொழுப்பு திரண்டு தடித்துவிடும். அந்த இடத்தில் போட்ட மருந்து எப்போது வேலை செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. கையால் தடவிப் பாருங்கள், கட்டிபோல ஏதாவது தட்டுப்படுகிறதா என்று. தூக்கம் குறைந்தாலும், சளி பிடிக்கப்போகிற நாளிலும், மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் சுகர் ஏறலாம்.

இதில் மனமும் சேர்ந்துகொள்கிறது. கோபமோ பயமோ வரும்போது அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. கல்லீரல் தன் இருப்பிலிருந்து குளுக்கோஸை ரத்தத்தில் இறக்குகிறது, இன்சுலினும் முன்போல எடுபடுவதில்லை. நீரிழிவு இல்லாதவருக்குக் கணையம் கூடுதல் இன்சுலினை விட்டு உடனே சமாளித்துவிடும். நமக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அதற்காக மன அழுத்தம் என்றாலே சுகர் ஏறும் என்றும் இல்லை, டைப் 1-ல் சிலருக்கு இறங்கவும் செய்கிறது. உங்களுக்கு எப்படி என்பதை உங்கள் ரீடிங்குகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

இன்னொன்று. உடம்பில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க சுகரை அளக்கும் சென்சார் போடுபவர்களுக்காக 2019-ல் உலக அளவில் நிபுணர்கள் கூடி வகுத்த குறி என்ன தெரியுமா? 70-க்கும் 180-க்கும் நடுவில் நாளில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் போதும் என்பதுதான். ஏறத்தாழ 17 மணி நேரம். மீதி ஏழு மணி நேரம் எல்லைக்கு வெளியே போகக்கூடும் என்று வல்லுநர்களே இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தை நாம் நமக்குக் கொடுப்பதே இல்லை.

உதயம் எழுதியது:

சகோதரி, கவலைப்படாதீர்கள். எனக்கு ரத்தக் கொதிப்பு. ஆரம்பத்தில் உங்களைப்போல எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். தியானம் பழகிய பிறகு நிறைய மாறிவிட்டேன். நல்லதையே நினையுங்கள், எண்ணம் சரியாக இருந்தால் உடம்பு தானாக வழிக்கு வரும்.

வெண்பனி எழுதியது:

உதயம் சார், நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். இருந்தாலும் கடைசி வரியை மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்களை மடக்கவே வெகுநேரம் ஆகும். "எண்ணம் சரியாக இருந்தால் உடம்பு வழிக்கு வரும்" என்று உறவினர்கள் சொல்லிச் சொல்லி, வலி கூடும் நாளெல்லாம் என் மனதில்தான் ஏதோ கோளாறு என்று நம்ப ஆரம்பித்தேன். மூட்டுகளில் என் நோய் எதிர்ப்பு சக்தியே என்னைத் தாக்கிக்கொண்டிருந்தது, நானோ போதுமான அளவு சிரிக்கவில்லையே என்று வருந்திக்கொண்டிருந்தேன். நோயோடு இருப்பவருக்கு இந்த இரண்டாவது பாரம் வேண்டாம். இளந்தளிருக்குச் சுகர் ஏறியதற்குக் காரணம் அவர் எண்ணம் இல்லை.

மருந்தே மனதைப் புரட்டிப்போடும் என்பதையும் சொல்ல வேண்டும். நோய் முற்றிய காலத்தில் எனக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் போய்விட்டது, காரணமே இல்லாமல் எரிச்சல், திடீரென்று அழுகை. பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகளுக்கு இப்படி ஒரு பக்கவிளைவு உண்டு என்று மருந்தாளர் சொன்னபிறகுதான் மூச்சே வந்தது. சுகரையும் அது ஏற்றிவிடும், நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது, டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். சமீபத்தில் ஏதாவது புது மருந்து ஆரம்பித்தீர்களா இளந்தளிர்? மனநிலை சட்டென்று மாறினால் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

எனக்கு உதவியது ஒன்றைச் சொல்கிறேன். வலி குறைந்த நாளில் தேங்கிய வேலையை எல்லாம் ஒரே மூச்சில் முடிப்பேன். மறுநாள் எழுந்திருக்க முடியாது. அப்புறம் படுக்கையில் கிடந்து என்னையே திட்டிக்கொள்வேன். இந்தச் சுழற்சியை இயன்முறை மருத்துவர்தான் எடுத்துக் காட்டினார். இப்போது நல்ல நாளிலும் அளவோடு நிறுத்திக்கொள்கிறேன், மோசமான நாளிலும் கொஞ்சமாவது நடக்கிறேன். வலி போய்விடவில்லை. ஆனால் நாளை எப்படி இருக்குமோ என்ற பயம் நன்றாகவே குறைந்திருக்கிறது.

உதயம் எழுதியது:

வெண்பனி, நீங்கள் சொல்வது நியாயம். நான் என் அனுபவத்திலிருந்து சொன்னேன், என் நோயும் உங்கள் நோயும் ஒன்றல்ல.

தியானத்தின் பக்கம் நின்று ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு பயிற்சியாக இதைத் தொடங்கியபோது அவரிடம் அனுப்பப்பட்டவர்களில் பலர் தீராத வலியோடு இருந்தவர்கள். மருத்துவம் தன்னால் ஆனதைச் செய்துமுடித்த பிறகு வந்தவர்கள். நோயைக் குணமாக்குகிறேன் என்று யாரும் அவர்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. வலி வரும்போது அதோடு சேர்ந்து ஓடும் பயத்தையும் ஆத்திரத்தையும் தனியாகப் பிரித்துப் பார்க்கப் பழக்கினார்கள். எனக்குக் கிடைத்ததும் அதுதான். மாத்திரையை நான் ஒருநாளும் விட்டதில்லை.

பரிவு எழுதியது:

நல்ல இழை. நான் நீரிழிவுப் பிரிவில் செவிலியர். உங்களை நேரில் பார்க்காமல் எதையும் முடிவாகச் சொல்ல முடியாது, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இளந்தளிர், நீங்கள் விவரித்த நிலைக்கு மருத்துவத்தில் தனிப் பெயர் உண்டு, டயாபடிஸ் டிஸ்ட்ரஸ். நீரிழிவோடு அன்றாடம் மல்லுக்கட்டுவதால் வரும் மன உளைச்சல். வில்லியம் போலன்ஸ்கி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1995-ல் இதை அளக்க 20 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை வெளியிட்டார்கள். "பெய்ட்" என்போம். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை போட்டு, கூட்டி, 1.25-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு ஒரு மதிப்பு வரும். 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் கடுமையான உளைச்சல் என்று எடுத்துக்கொள்கிறோம். 2005-ல் 17 கேள்விகளோடு இன்னொரு படிவம் வந்தது. அது எனக்கு அதிகம் பிடிக்கும், ஏனென்றால் உளைச்சல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைப் பிரித்துக் காட்டும்: நோயின் மனச்சுமை, மருத்துவரோடு உள்ள உறவு, அன்றாடக் கட்டுப்பாடுகள், சுற்றியிருக்கும் மனிதர்கள். உங்கள் பதிவில் இந்த நான்குமே தெரிகின்றன.

டிப்ரஷன் வேறு. அது வாழ்க்கை முழுவதன் மேலும் படியும். பிடித்த பாட்டும் பிடிக்காமல் போகும், தோழிகளின் போனை எடுக்கத் தோன்றாது. அதற்குக் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கும் பி.ஹெச்.க்யூ.-9 என்ற படிவம் இருக்கிறது. மொத்தம் 27, பத்தைத் தொட்டால் முறையாகப் பரிசோதிக்க வேண்டும். ஆனால் களைப்பு, தூக்கக் குறைவு, பசி மாறுவது பற்றியெல்லாம் அதில் கேட்பார்கள். சுகர் ஏறியிருந்தாலே இவை வரும். அதனால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

நீங்கள் தனியாள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 17 நாடுகளில் நடத்தி 2013-ல் வெளியான டான்-2 ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேருக்கு இந்த உளைச்சல் இருந்தது. எங்கள் பிரிவில் காத்திருக்கும் வரிசையைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். அமைதியாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள், கையில் ஃபைலோடு.

இப்போது உங்கள் டாக்டர் விஷயம். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். நன்றாக இல்லாத ரிப்போர்ட்டோடு வருபவருக்குத்தான் எங்களால் ஏதாவது செய்ய முடியும். மூன்று மாத சராசரி என்பது ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையின் அளவு. அந்த அணுக்கள் சுமார் 120 நாள் வாழ்கின்றன. நீங்கள் எத்தனை முறை எழுந்து பார்த்தீர்கள், எத்தனை முறை பசியை அடக்கினீர்கள் என்பதெல்லாம் அந்தத் தாளில் வராது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்து உட்கார்ந்ததும், டாக்டர் தாளை எடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள்: "டாக்டர், ரீடிங் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. முதலில் அதைப் பற்றிப் பேச வேண்டும்." தயக்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டிவிடுங்கள், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

பாரத்தைக் குறைக்கவும் கேட்கலாம். சிறிது காலத்துக்குச் சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, சென்சாரின் உயர் அலாரத்தை இன்னும் மேலே தூக்கி வைப்பது, குறிகளைத் தளர்த்துவது எல்லாம் டாக்டர் துணையோடு செய்யக்கூடியவைதான். தாழ் அலாரத்தை மட்டும் அணைக்கக் கூடாது. இன்சுலினை நிறுத்தவே கூடாது.

மாலைநடை எழுதியது:

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மனைவிக்கு டைப் 1. "என்ன சாப்பிட்டாய்" என்று கேட்கும் அந்தக் கணவர் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டால் கோபம் வருகிறது. கேட்காமல் இருந்தால் அக்கறை இல்லை என்று ஆகிவிடுகிறது. இரவில் விழித்து அவளுக்கு வியர்க்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். பகலில் அவள் போனை எடுக்காவிட்டால் எனக்குக் கை நடுங்கும். இதை அவளிடம் சொன்னால் அவளுக்கு இன்னொரு பாரம் என்று சொல்வதில்லை. என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது? யாராவது உடைத்துச் சொல்லுங்கள்.

இளந்தளிர் எழுதியது:

அண்ணா, உங்கள் பதிவை என் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "எனக்கும் இப்படித்தான்" என்றார். அவர் கேட்டது என் காதில் விசாரணையாக விழுந்தது, அவருக்கோ அது பயம். இதை நாங்கள் இருவரும் இதுவரை பேசியதே இல்லை.

நேற்று இரவு உட்கார்ந்து சிலவற்றை முடிவு செய்தோம். ரீடிங் என்ன என்று அவராகக் கேட்க மாட்டார், தேவைப்பட்டால் நானே சொல்வேன். நான் கோபமாக இருக்கும்போது, "பேசட்டுமா, இல்லை சும்மா உட்காரட்டுமா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வி போதும் எனக்கு. ஆனால் 70-க்குக் கீழே போய்விட்டால் என் அனுமதி தேவையில்லை, குளுக்கோஸைக் கொண்டுவந்து கையில் வைத்துவிடலாம், நான் கத்தினாலும்.

உங்கள் பயத்தை மனைவியிடம் சொல்லுங்கள் அண்ணா. மறைத்தாலும் எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. காரணம் மட்டும் தெரியாது, அதனால் எங்கள் மேல்தான் சலிப்பு என்று எடுத்துக்கொள்கிறோம்.

கரையோரம் எழுதியது:

மாலைநடை, உங்கள் பயத்துக்கு நடைமுறையில் ஒரு மருந்து சொல்கிறேன். இறங்கிய சுகரை ஏற்றும் குளுக்ககான் மருந்தை, ஊசியாகவோ மூக்கில் அடிப்பதாகவோ, வீட்டில் வைத்திருக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பயன்படுத்தவும் கற்றுக்கொள்ளுங்கள். சுகர் இறங்கி நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். குளுக்ககானைக் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். என்ன செய்வது என்று கைக்குத் தெரிந்தபின் என் மனைவியின் தூக்கம் திரும்பியது.

தூரிகை எழுதியது:

நான் கேட்க நினைத்ததை யாரும் தொடவில்லை. எனக்குச் சுகர் இறங்குவதும் பதற்றம் வருவதும் ஒரே மாதிரி இருக்கின்றன. நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், கை நடுங்கும். ஒருமுறை கூட்டத்தில் மயங்கி விழுந்ததிலிருந்து, இறங்கிவிடுமோ என்ற பயத்தில் வேண்டுமென்றே 200-க்கு மேலேயே வைத்திருக்கிறேன். தப்பு என்று தெரிகிறது, ஆனால் விட முடியவில்லை.

பரிவு எழுதியது:

தூரிகை, நிறையப் பேர் இதை வெளியே சொல்வதில்லை, நீங்கள் சொன்னது நல்லது. இரண்டும் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் இரண்டிலும் சுரப்பது அதே அட்ரினலின்தான். உடம்பின் அறிகுறியை வைத்துப் பிரிக்க முயல வேண்டாம், சோதித்துப் பாருங்கள். சோதிக்க வசதி இல்லாத இடத்தில் சுகர் இறங்கியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்: 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது, இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் திரும்ப 15 கிராம். சென்சார் தோலுக்கடித் திரவத்தை அளப்பதால் ரத்தத்துக்குச் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். வேகமாக இறங்கும்போது உங்கள் உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் விரலில் குத்திப் பார்ப்பதே நல்லது.

முக்கியமான ஒன்று. பதற்றத்துக்காகச் சிலருக்கு ப்ரொப்ரனொலால் போன்ற மருந்து எழுதுவார்கள். அது படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், சுகர் இறங்குவது தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் பெரும்பாலும் தெரியும். இன்சுலின் போடுவதை மருந்து எழுதும் ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்லுங்கள்.

பயத்தைப் பொறுத்தவரை, ஒரே நாளில் 200-லிருந்து 110-க்கு வர வேண்டாம். உங்கள் மருத்துவக் குழுவிடம் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பழகுங்கள். முதலில் வீட்டில், துணை இருக்கும் நேரத்தில். கூட்டத்தில் விழுந்த நினைவு விடாமல் துரத்தினால் உளவியலாளர் ஒருவரிடம் அதை மட்டும் தனியாகப் பேசுவதும் பயன் தரும்.

பெயர்வேண்டாம் எழுதியது:

எல்லோரும் வழி சொல்கிறீர்கள். எனக்கு வழி தேடவே தெம்பு இல்லை. இந்த வாரம் சில வேளை ஊசி போடவில்லை. போடாமலே படுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றுகிறது.

பரிவு எழுதியது:

பெயர்வேண்டாம், உங்கள் பதிவைப் பார்த்துவிட்டேன். நேராகக் கேட்கிறேன்: உயிரை விட வேண்டும் என்று தோன்றுகிறதா? ஆம் என்றாலும், தெரியவில்லை என்றாலும், இப்போதே பக்கத்தில் இருக்கும் ஒருவரை அழைத்து, "என்னைத் தனியாக விடாதே" என்று சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் உங்கள் ஊர் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள். இந்த இழைக்குப் பதில் எழுதுவது அப்புறம்.

உடம்புக்கும் அவசரம் இருக்கிறது. டைப் 1-ல் இன்சுலின் நின்றால் உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரும். வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு வந்தால் ஒரு நிமிடமும் வீட்டில் இருக்கக் கூடாது. அவை வராவிட்டாலும் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இன்சுலினை நீங்களாகக் கூட்டிப் போட்டு ஈடுகட்ட வேண்டாம். உள்ளே போனதும் இரண்டையும் சொல்லுங்கள்: ஊசி போடவில்லை என்பதையும், ஏன் போடவில்லை என்பதையும். நீங்கள் சோம்பேறி இல்லை. ஓய்வே இல்லாத ஒரு வேலையைச் செய்து செய்து ஓய்ந்துபோயிருக்கிறீர்கள். இதற்குச் சிகிச்சை உண்டு.

வெண்பனி எழுதியது:

நானும் இங்கேதான் இருக்கிறேன். யாரை அழைத்தீர்கள் என்று மட்டும் ஒரு வரி போடுங்கள். நானும் அந்த இடத்தில் இருந்தவள், தெம்பு இல்லை என்பது எனக்குப் புரிகிறது.

பெயர்வேண்டாம் எழுதியது:

அக்காவை அழைத்தேன். வந்துகொண்டிருக்கிறாள். போகிறோம்.

நெறியாளர்:

அந்த உறுப்பினர் பாதுகாப்பாக இருப்பதாக அவருடைய கணக்கிலிருந்தே தனிமடல் வந்திருக்கிறது. அவரைப் பற்றிய கேள்விகளை இங்கே கேட்க வேண்டாம், அவராக எழுதும்போது எழுதட்டும். இழை தொடரலாம்.

இளந்தளிர் எழுதியது:

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். போகாமல் இருந்துவிடுவேன் என்றுதான் கடைசிவரை பயந்தேன். பரிவு அக்கா சொன்னதுபோல எழுதி எடுத்துப்போய் நீட்டினேன். படித்துவிட்டு, கையில் எடுத்த ரிப்போர்ட்டைத் திருப்பி வைத்துவிட்டார். "இதை ஏன் முன்பே சொல்லவில்லை" என்று கேட்கவில்லை. "எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

கரையோரம் சார், நீங்கள் சொன்னதைக் கேட்டுத் தடவிப் பார்த்திருந்தேன், வயிற்றின் இடப்பக்கம் தடித்திருந்தது. டாக்டரும் பார்த்து உறுதி செய்தார். சில மாதம் அந்தப் பக்கமே ஊசி போட வேண்டாம் என்றிருக்கிறார். புது இடத்தில் போட்டால் மருந்து நன்றாக எடுக்கும், சுகர் சட்டென்று இறங்கலாம் என்பதால் யூனிட்டையும் குறைத்து எழுதியிருக்கிறார். இதை நானாகச் செய்திருந்தால் இறங்கிப் போயிருப்பேன், மற்றவர்களும் கவனியுங்கள்.

பெய்ட் படிவத்தையும் அங்கேயே நிரப்பினேன். 40-ஐத் தாண்டியிருந்தது. வியப்பு என்னவென்றால், அந்த எண்ணைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. நான் எவ்வளவு சுமந்துகொண்டிருந்தேன் என்று முதல்முறையாக யாரோ எழுதிக் கொடுத்ததுபோல இருந்தது. உயர் அலாரத்தை 180-லிருந்து 250-க்கு மாற்றியிருக்கிறோம், தாழ் அலாரம் அப்படியே. உளவியலாளரிடம் அனுப்பியிருக்கிறார். அடுத்த முறை கணவரும் வருகிறார்.

கோபம் போய்விட்டதா என்றால் இல்லை. இன்று காலையும் 210 பார்த்துப் பல்லைக் கடித்தேன். உதயம் சார், அந்த நேரத்தில் செய்யக்கூடிய மூச்சுப் பயிற்சி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். நீளமாக உட்கார்ந்து தியானம் செய்யும் பொறுமை எனக்கு இப்போது இல்லை.

உதயம் எழுதியது:

மகிழ்ச்சி அம்மா. உட்கார வேண்டியதே இல்லை, நின்றபடியே செய்யலாம். மூக்கால் மெதுவாக நான்கு எண்ணும்வரை உள்ளே இழுங்கள், ஆறு எண்ணும்வரை வெளியே விடுங்கள். நொடிக்கு ஒன்றாக எண்ணினால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சை அடக்க வேண்டாம். வெளியே விடும் நேரம் நீண்டால் இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். ஐந்து நிமிடம் போதும், தலை சுற்றினால் நிறுத்திவிட்டு வழக்கம்போல மூச்சு விடுங்கள். கோபம் இல்லாத நேரத்திலும் தினமும் கொஞ்சம் பழகி வையுங்கள், தேவைப்படும்போது அப்போதுதான் கைகொடுக்கும்.

ஆனால் படபடப்பாக இருந்தால் முதலில் சுகரைப் பாருங்கள். இறங்கியிருந்தால் முதலில் குளுக்கோஸ், அப்புறம்தான் மூச்சு.